முதல் லிப்டில் சொல்லாத சொல்

நீங்கள் வாங்கி வைத்திருக்கும் புத்தகத்தில் எதிர்மறை முன்னொட்டுகள் என்று ஒரு பாடம் இருக்கும். அன், இன், இம், டிஸ் என்று ஒரு சொல்லின் முன்னால் ஒட்டிக்கொண்டு அதன் பொருளைக் கவிழ்த்துவிடும் துண்டுகள். ஒரு பக்கம் விதி, மறுபக்கம் கோடிட்ட இடம். சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம் என்று உங்களுக்குத் தோன்றும். போகாதீர்கள்.

துறைமுகத் தொழிலாளர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்திருக்கும் உங்களிடம் நாலு வார்த்தை பேசும்படி பயிற்சி நிலையத்தில் என்னைக் கேட்டார்கள். பேசினால் ஊர்க்கதைக்குப் போய்விடுவேன், எழுதித் தருகிறேன் என்றேன். எழுதினாலும் ஊர்க்கதைக்குத்தான் போகப்போகிறேன் என்பது இப்போது தெரிகிறது. எப்படிப் பாடம் நடத்துவது என்று நான் சொல்லப்போவதில்லை. அதற்குத்தான் நீங்கள் பட்டம் வாங்கியிருக்கிறீர்கள்.

முன்னொட்டு என்ற சொல் என் வகுப்பில் ஒரு நாள்கூடச் செல்லுபடியாகவில்லை. சுடலை என்று ஒருவர் இருந்தார், கப்பலடியில் கயிறு பிடிக்கிற வேலை. அவர் முதல் நாளே அதற்குத் தலைப்பா என்று பேர் வைத்துவிட்டார். சேஃப் என்றால் வெறுந்தலை, அன்சேஃப் என்றால் தலைப்பா கட்டிய தலை. அதற்கப்புறம் எந்தத் தலைக்கு எந்தத் தலைப்பா பொருந்தும் என்பதுதான் பாடமே. ஸ்டேபிளுக்கு அன், கரெக்டுக்கு இன், பாசிபிளுக்கு இம், கனெக்டுக்கு டிஸ்.

“ஏன் டீச்சர், எல்லாத் தலைக்கும் ஒரே தலைப்பா கட்டப்பிடாதா?” என்று சுடலை கேட்டார்.

“வெள்ளைக்காரங்கிட்ட கேட்டுச் சொல்லுதேன்” என்றேன். இன்னும் கேட்டுச் சொல்லவில்லை.

ஒரு சொல்லை மட்டும் முதல் நாளே தனியாக எடுத்து எச்சரித்துவிடுங்கள். டேங்கர் லாரியின் முதுகில் இன்ஃப்ளேமபிள் என்று எழுதியிருக்கும், எளிதில் தீப்பற்றும் என்று அர்த்தம். தலைப்பா கட்டியிருக்கிறதே, தீப்பிடிக்காது போல என்று நம்பிப் பக்கத்தில் நின்று பீடி பற்றவைத்தால் அதோடு சரி.

வகுப்பு மதியத்தில் நடக்கும். காலை ஷிஃப்ட் முடித்து, குளித்து, சாப்பிட்டு வருவார்கள். கால்வாசிப் பேர் தூங்குவார்கள். மற்றவர்கள் அன்சேஃப், அன்ஸ்டேபிள், இன்கரெக்ட் என்று கூரை அதிரக் கத்துவார்கள். விளங்கியதா என்று கேட்டால் எல்லாரும் ஒரே குரலில் “விளங்கிட்டு டீச்சர்” என்பார்கள். விளங்காதவர்களும் அதையேதான் சொல்வார்கள். நான் கரும்பலகையில் தப்பாக எழுதினால்கூட, தப்பு என்று சொல்லாமல் அதையும் அப்படியே எழுதிக்கொள்வார்கள். அத்தனை வருடத்தில் என் வகுப்பில் ஒருவர்கூட என் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொன்னது கிடையாது. அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். மரியாதைதான், ஆனால் அது மட்டுமில்லை.

ஜெரோம் என்பவர் அந்த வகுப்பில் முன்வரிசைக்காரர். கீழவைப்பார் சொந்த ஊர். என் வயதுதான் இருக்கும், ஆனாலும் நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அப்பா காலம் வரை கடல் தொழில், இவர் துறைமுகத்துக்கு வந்துவிட்டார். சிக்னல்மேன் வேலை. காற்றாலை இறக்கைகளை லாரியில் கொண்டுவருவார்கள். ஒரு தெருவை அடைக்கிற நீளம் இருக்கும். பெல்ட் போட்டுக் கட்டி, கப்பலின் கிரேனால் தூக்கி மேலே ஏற்ற வேண்டும். கிரேனை ஓட்டுகிறவர் வெளிநாட்டுக்காரர். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் அவருக்குக் கீழே நடப்பது பாதி தெரியாது. ஜெரோம் வாக்கிடாக்கியில் ஆங்கிலத்தில் சொல்வதுதான் அவருக்குக் கண். தூக்கு என்றால் தூக்குவார், நிறுத்து என்றால் நிறுத்துவார். அந்த வாக்கிடாக்கி இடுப்பில் இருக்கும்போது ஜெரோமின் நடையே வேறு மாதிரி இருக்கும்.

ஒரு காலையில் புதிதாகக் கரைக்கு வந்து நின்ற கப்பலில் முதல் லிப்ட், அதாவது கிரேன் முதல் சுமையைத் தூக்கும் நேரம். எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் கொளுத்தி, கும்பிடுகிறவர்கள் கும்பிட, ஜெரோம் சிலுவை போட்டுக்கொள்ள, வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். இறக்கையின் வால்பக்கப் பெல்ட் முறுக்கிக்கொண்டு விளிம்பில் உட்கார்ந்திருந்தது. கிரேன்காரர், எல்லாம் சரியா, தூக்கலாமா என்று கேட்டார். ஜெரோம், “ஸ்லோ சார், ஸ்லோ” என்றார். அவரும் சொன்னபடி மெதுவாகத் தூக்கினார். ஆள் உயரம் போனதும் பெல்ட் வழுகியது. வால் கீழே சரிந்து லாரியின் மேல் இடித்து இறக்கை கீறிப்போனது. முனைக்கயிற்றைப் பிடித்திருந்த சுடலையை அது இழுத்துத் தள்ளியதில் தோள்பட்டை இறங்கிவிட்டது. இதைவிடப் பெரிதாக ஆகியிருக்கலாம். ஆகவில்லை.

மறுநாள் காலை விசாரணை. ஆட்களை வேலைக்கு அனுப்பும் ஒப்பந்ததாரர் அண்ணாச்சியின் ஆபீஸில் கூட்டம். ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் என்னையும் வரச்சொன்னார்கள். நான் போனபோது ஜெரோம் வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். வாக்கிடாக்கியை ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தார்கள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

“என்ன அண்ணன், அந்த வார்த்தை மறந்துபோச்சா?” என்று கேட்டேன்.

“மறக்கல டீச்சர். பெல்ட்டு முறுக்கிக் கெடந்தத நாந்தான் மொதல்ல பாத்தேன். அன்சேஃப்ங்கிற வார்த்தை நாக்கு நுனில வந்து நின்னுச்சு.”

“பின்னே?”

“மொத லிப்ட்டுல்லா டீச்சர். சூடம் பொகைகூட அடங்கல. அங்கன நின்னுக்கிட்டு அந்த மாதிரி வார்த்தைய எப்படிச் சொல்லுதது? அதான் ஸ்லோன்னேன். அவனா விளங்கி நிறுத்திருவான்னு நெனச்சேன். நம்ம ஆளுன்னா விளங்கியிருக்கும்.”

அவரே தொடர்ந்தார்.

“எங்கப்பா கடலுக்குப் போகையில எங்கம்மாட்ட என்னத்தக் கேட்டாலும் இல்லன்னு சொல்ல மாட்டா. குடத்துல தண்ணி இல்லன்னாலும் ‘இந்தா கொண்டாரேன்’னுட்டு பக்கத்து வீட்டுக்கு ஓடுவா. வள்ளம் தண்ணில எறங்குத வரைக்கும் அந்த வார்த்தையே வீட்டுக்குள்ள கெடையாது. எனக்கு அது ரத்தத்துல ஊறிப்போச்சு.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “டீச்சர், உள்ள கேப்பாங்க. எனக்கு அந்த வார்த்தை தெரியாதுன்னு சொல்லிருங்க. தெரியாதுன்னா திரும்பப் படிச்சிட்டு வான்னு அனுப்புவாங்க. தெரிஞ்சும் சொல்லலன்னா கேட் பாஸப் புடுங்கிருவாங்க. மவ ரெண்டாவது வருசம் படிக்கா.”

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. வர எனக்கு யோக்கியதையும் இல்லை. எங்கள் அப்பா ஓட்டப்பிடாரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். போணிக்கு வருகிற முதல் ஆளிடம் இல்லை என்ற சொல் அவர் வாயில் வந்ததே கிடையாது. வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் அரிசி நிறைஞ்சிருக்கு என்றுதான் சொல்ல வேண்டும். விளக்கை அணைக்கக் கூடாது, அமர்த்த வேண்டும். கிளம்பும்போது போகிறேன் என்று சொன்னால் அடி விழும், வருகிறேன் என்று சொல்ல வேண்டும். இல்லை என்ற சொல்லுக்கே இடமில்லாத வீட்டில் வளர்ந்துவிட்டு, இல்லை என்பதை இங்கிலீஷில் எத்தனை விதமாகச் சொல்லலாம் என்று கற்றுக்கொடுத்துச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். இதை நினைத்து அந்த வேப்பமரத்தடியிலேயே எனக்குச் சிரிப்பு வந்தது.

ஜெரோமும் நானும் உள்ளே போனோம், அண்ணாச்சி நாற்காலியில் இருந்தார். பலசரக்குக் கடையில் தொடங்கி ஒப்பந்த வேலைக்கு வந்தவர். இப்போதும் காலையில் அந்தக் கடையைத் தன் கையால் திறந்துவிட்டுத்தான் துறைமுகத்துக்கு வருவார். பக்கத்தில் கப்பல்காரர்கள் அனுப்பியிருந்த மேற்பார்வையாளர், வெளிநாட்டுக்காரர். பெரிய உருவம், தணிந்த குரல். அவர் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அமைதியாக ஒரே ஒரு கேள்வி கேட்டார். அன்சேஃப் என்ற சொல் இந்த மனிதருக்குத் தெரியுமா, தெரியாதா?

நிர்ப்பந்தத்தில் முடிவெடுப்பது என்று பயிற்சிகளில் சொல்வார்களே, அது இப்படித்தான் வரும். பெரிய சத்தத்தோடு வராது. ஒரு சின்னக் கேள்வியாக வரும், பதில் சொல்லக் கொஞ்ச நேரம்தான் இருக்கும். தெரியாது என்று சொன்னால் ஜெரோமின் வேலை தப்பும். ஆனால் அடுத்த கப்பலின் முதல் லிப்டிலும் அதே மனிதர் அதே சொல்லை வாய்க்குள் வைத்துக்கொண்டு நிற்பார், அன்றைக்குத் தோள்பட்டையோடு போகாது. தெரியும் என்று சொன்னால் ஒரு குடும்பத்தின் சோற்றில் நான் மண்ணைப் போட்டவளாவேன். எனக்குப் பயமாக இருந்தது என்று சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

“தெரியும்” என்றேன். “என்னைவிட நன்றாகவே தெரியும்.”

ஜெரோம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

“தெரிஞ்சுமா சொல்லல? அப்ப முடிஞ்சுபோச்சு டீச்சரம்மா” என்று அண்ணாச்சி தன் கணக்கரைப் பார்த்துக் கையை நீட்டினார். “அவன் பாஸ வாங்கி உள்ள வைங்க.”

“அண்ணாச்சி, அதுக்கு முந்தி ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிடுதேன்.”

“கேளுங்க.”

“காலைல கடையத் தெறந்து, சாம்பிராணி போட்டு உக்காருதீங்க. போணிக்கு ஒருத்தர் வந்து சீனி கேக்காரு. கடைல சீனி இல்ல. என்ன சொல்லுவீங்க?”

“பனங்கல்கண்டு இருக்கு, தரட்டான்னு கேப்பேன்.”

“இல்லன்னு சொல்ல மாட்டீங்களா?”

“போணில போயி எவனாவது இல்லம்பானா? கடை வெளங்குமா?”

சொல்லி முடித்த பிறகுதான் கேள்வி எங்கே போகிறது என்று அவருக்குப் புரிந்தது. நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். ஜெரோமைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏலே, போணின்னா சொல்லாம நின்ன?”

“ஆமா அண்ணாச்சி.”

மேற்பார்வையாளர் என்னைப் பார்த்தார். நான் அவருக்கு ஆங்கிலத்தில் எல்லாவற்றையும் சொன்னேன், போணி, வள்ளம், தண்ணீர்க்குடம், என் அப்பாவின் கடை உட்பட. சிரிப்பாரோ என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. தான் முதல் முதலாக ஏறிய கப்பலில் மேல்தளத்தில் நின்று விசில் அடித்ததாகவும், காற்றைக் கூப்பிடுகிறாயா என்று ஒரு மூத்த மாலுமி பிடரியில் ஒன்று வைத்ததாகவும், இன்றைக்கும் கப்பலில் தான் விசில் அடிப்பதில்லை என்றும் சொன்னார். பிறகு, “விசில் அடிக்காவிட்டால் யாருக்கும் அடிபடாது. இது அப்படியில்லை. உங்கள் வழக்கத்தை நான் குறை சொல்லவில்லை. அதை வைத்துக்கொண்டு என் கிரேனை எப்படி ஓட்டுவது, அதைச் சொல்லுங்கள்” என்றார்.

நியாயமான கேள்வி. இதோடு என் வாதம் தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். அண்ணாச்சி மேசைமேல் விரலால் தட்டினார்.

“போணிங்கது என்னது?” என்றார், யாரையும் பார்க்காமல். “மொத வியாபாரம். அது அஞ்சு ரூவாக்குப் பொட்டுக்கடலையா இருந்தாலும் போணி போணிதான். அப்ப மொத லிப்ட்டு எறக்கையாத்தான் இருக்கணுமா? கிரேனோட வெறுங்கொக்கியத் தூக்கச் சொல்லு. நீ அந்த வார்த்தையச் சொல்லு. கொக்கி நிக்கும். அதான் போணி. அதுக்குப் பொறவு வாரதெல்லாம் ரெண்டாவது வியாபாரம். எத்தன தரம் வேணாலும் சொல்லிக்கிடலாம்.”

“போணிலயே அந்த வார்த்தையா அண்ணாச்சி?” ஜெரோமின் குரல் எழும்பவே இல்லை.

“நிக்கச் சொன்னா நிக்குத கொக்கிதாம்லே நல்ல கொக்கி. அதவிட நல்ல சகுனம் என்ன வேணும் ஒனக்கு?”

மேற்பார்வையாளர் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. அடுத்த கப்பல்வரை பாஸ் ஜெரோமிடம் இருக்கும். அன்றைக்கு முதல் லிப்டில் அவர் வாய் திறக்கவில்லை என்றால் வேறு ஆள். வெளியே வந்ததும் ஜெரோம் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போனார். நான் பொய் சொல்லாததற்கு வருத்தமா, நன்றியா என்று தெரியவில்லை. அதற்கப்புறம் சில நாட்கள் அவர் வகுப்புக்கும் வரவில்லை.

அடுத்த கப்பல் வந்தபோது நானும் அனுமதி வாங்கிக்கொண்டு கப்பலடிக்குப் போனேன். அதுவரை ஒரு காலை லிப்டைக்கூட நான் பார்த்ததில்லை. மதியத்தில் கத்துகிறவர்களை மட்டுமே எனக்குத் தெரியும். காலையில் அவர்கள் வேறு மனிதர்கள். சத்தமில்லாமல், முகம் கழுவி, பொட்டு வைத்தவர்கள் பொட்டோடும் ஜெபமாலை போட்டவர்கள் மாலையோடும் ஒரு கோவிலுக்குள் நிற்பதுபோல நின்றார்கள். சுடலை தோளில் கட்டோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தார். எலுமிச்சம்பழத்தை நசுக்கி, சூடம் கொளுத்தினார்கள். கிரேன்காரர் வெறுங்கொக்கியைத் தூக்கினார். அது ஏறிக்கொண்டே இருந்தது.

ஜெரோம் சிலுவை போட்டுக்கொண்டார். வாக்கிடாக்கியை வாயருகே கொண்டுபோனார். பொத்தானை அழுத்தினார். சத்தம் வரவில்லை. மேற்பார்வையாளர் தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். நான் மனதுக்குள் அந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டே இருந்தேன், பரீட்சை எழுதும் பிள்ளைக்காக வெளியே நிற்கிற தாயைப்போல. அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?

சுடலைதான் வாயைத் திறந்தார். “ஜெரோமு, சொல்லும்வே. எனக்கு இன்னொரு தோள்தான் பாக்கி இருக்கு.”

யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில் ஜெரோமின் தொண்டை திறந்தது.

“அன்சேஃப்” என்றார். “அன்சேஃப். ஸ்டாப்.”

கொக்கி நின்றது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். வானம் இடிந்து விழவில்லை. தெற்கிலிருந்து நல்ல காற்று வந்தது, சூடம் தன்பாட்டுக்கு எரிந்தது.

“போணி ஆயிட்டு” என்றார் சுடலை.

அன்றைக்கு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே ஜெரோம் இன்னொரு முறையும் நிறுத்தினார். இறக்கை ஒன்றில் கயிறு சரியாகக் கட்டியிருக்கவில்லை. இன்கம்ப்ளீட் என்றார். தலைப்பாவைச் சரியாகக் கட்டினார் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. மதியம் வகுப்பு வாசலில் வந்து நின்று, “டீச்சர், பாஸ் கைலதான் இருக்கு” என்று சட்டைப்பையைத் தட்டிக் காட்டினார். மரத்தடியில் கேட்டதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

வெறுங்கொக்கியை நிறுத்துவது அதற்கப்புறம் அந்தக் கூட்டத்துக்கு வழக்கமாகிவிட்டது. புதிதாக வேலைக்கு வந்த ஒருவர், அது பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து இருக்கிற சடங்கு என்று எனக்கே விளக்கம் சொன்னார். நானும் அப்படியா என்று கேட்டுக்கொண்டேன். வகுப்பை மதியத்திலிருந்து காலைக்கு மாற்றச் சொல்லி நிலையத்தில் சண்டை போட்டு, வாரத்துக்கு ஒரு காலையாவது கப்பலடியில் நின்று நடத்த அனுமதி வாங்கினேன். அந்த அனுமதியை விட்டுவிடாதீர்கள். கஷ்டப்பட்டு வாங்கியது. ஒரு சொல்லை ஒருவர் உங்கள் வகுப்பறையில் சொல்கிறார் என்பதை வைத்து அவருக்கு அது வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். அது தேவைப்படுகிற இடத்தில், தேவைப்படுகிற நேரத்தில் அவர் வாயில் எது குறுக்கே நிற்கிறது என்று போய்ப் பாருங்கள். காயல்பட்டினத்திலிருந்து வருகிறவருக்கு வேறு ஒன்று நிற்கும், வெளி மாநிலத்திலிருந்து வருகிறவருக்கு இன்னொன்று. எனக்குத் தெரிந்தது எங்கள் ஊர் போணி மட்டும்தான்.

போன வருடம் நான் ஓய்வு பெற்ற அன்று மக்ரூன் இனிப்புப் பெட்டியோடு கப்பலடிக்குப் போனேன். வெறுங்கொக்கி முடிந்து வேலை தொடங்கியிருந்தது. தூரத்தில் ஜெரோம் தெரிந்தார், முடி நன்றாக நரைத்திருந்தது. அவரிடம்தான் முதல் மக்ரூனைக் கொடுக்க வேண்டும் என்ற நினைப்பிலேயே நடந்தேன். தரையிலிருந்த மஞ்சள் கோட்டை நான் தாண்டியதும், தலைக்கு மேலே ஒரு இறக்கை திரும்பிக்கொண்டிருந்ததும் எனக்குத் தெரியவில்லை.

“ஸ்டாப்” என்று வாக்கிடாக்கியில் சொன்னவர், அடுத்த மூச்சில் என் பக்கம் திரும்பி முழங்கையை மடக்கிக் கையை உயர்த்தினார்.

“அன்சேஃப், டீச்சர். பின்னால போங்க. கோட்டுக்கு அங்கன நில்லுங்க.”

அத்தனை ஆட்களுக்கு முன்னால், கொஞ்சமும் தயங்காமல், என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். என் மாணவர் ஒருவர் என்னிடம் இல்லை என்று சொன்னது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாலையிலே நிலையத்தில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள், பாராட்டிப் பேசினார்கள். அதெல்லாம் இப்போது சரியாக நினைவில்லை.

சொன்னபடி பின்னால் போனேன். இறக்கை கப்பலுக்குள் இறங்கி, ஜெரோம் கையசைத்து வரச்சொல்லும்வரை, மக்ரூன் பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கோட்டுக்கு அந்தப் பக்கமே நின்றேன்.